அக்காவின் சான்றிதழ்

அத்தியாயம் 11

"துஷானி."

அடுப்பை ஊதிக்கொண்டே இராசாத்தி கூப்பிட்டாள். லயத்து வீட்டு வாசலில் பல் தீட்டிக்கொண்டிருந்த ஆறு வயதுக்காரி வாயிலிருந்த கரியைத் துப்பிவிட்டு, "ஓம் டீச்சர்" என்றாள்.

"மேனுகா."

பதில் இல்லை. சின்னவள் வேலிப்பக்கம் போன கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேனுகா, இஞ்ச வா. பனங்கட்டி தாறன்."

கோழியைத்தான் பார்த்தாள். எச்சில் மட்டும் விழுங்கினாள்.

இராசாத்தி எழுந்து வந்து, அந்தக் கரி வாயிலேயே ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துவிட்டாள்.

"அப்பிடித்தான். ஆர் மேனுகா எண்டு கூப்பிட்டாலும் கிறுகிப் பாக்கப்படா, திரும்பப்படா. அம்மாவே கூப்பிட்டாலும் கிறுகப்படா. விளங்கினதா?"

"ஓம்மா."

ஒரு கிழமையாக இந்தப் பயிற்சி நடக்கிறது. புருஷன் வேலைக்குப் போன பிறகுதான் நடக்கும். பிள்ளையின் உண்மையான பெயர் மேனுகா. துஷானி அவளுடைய அக்கா. அக்கா மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனாள்.

இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூட வருகிறவர்களுக்கு மிச்சமும் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டமாவடிப் பாலத்திலிருந்து எட்டு மைல் தள்ளி, வாவிக்கரையில் இருக்கும் தென்னந்தோட்டத்தில் இராசாத்தியின் புருஷன் தங்கராசா கூலி வேலை செய்கிறான். அவனுடைய அப்பன் எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் மலைநாட்டில் அடிவாங்கி, தேயிலையை விட்டுத் தேங்காய்க்கு வந்தவர். தங்கராசா பிறந்ததே இந்த மண்ணில்தான். ஆனாலும் ஊரில் இன்றைக்கும் அவர்கள் தோட்டத்து ஆக்கள்.

ஏழரை வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் துஷானி பிறந்தாள். ஒழுங்காகப் பதிந்து சான்றிதழும் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. அன்று தேங்காய் ஏற்றுகிற நாள். கங்காணி கந்தப்போடி, ஆஸ்பத்திரிக்குப் போக உழவு மெஷினைத் தர மறுத்துவிட்டான். மறுநாள் விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. "வெளிய பறையாதீங்க. பொலிஸ் வந்தா புள்ளையப் பாக்காம விட்டதெண்டு உங்களத்தான் பிடிக்கும்" என்று பயங்காட்டி, தோட்டத்துக்குள்ளேயே புதைக்க வைத்தவனும் அவன்தான். சாவு பதியப்படவில்லை.

அடுத்த வருட மாரியில், வெள்ளத்தில் பாதை மூடிக் கிடந்தபோது மேனுகா லயத்திலேயே பிறந்தாள். "ஒரு கடதாசி கிடக்குதானே, மறுகா என்னத்துக்கு இன்னொண்டு" என்று யார் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அதே கந்தப்போடிதான். பிறப்பும் பதியப்படவில்லை.

தோட்டத்துக்குள் முன்பு ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் இப்போது கொப்பரா காய்கிறது. போன வருடம் இராசாத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவி கடந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். யன்னலுக்குள் இருந்த எழுதுநர் "பிறப்புச் சான்றிதழ்" என்றார். இல்லை என்றாள். அவர் யன்னலைச் சாத்தினார். வேறு வழி உண்டா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வருடம் போயிற்று.

இந்த வருடம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பெட்டிக்குள் ஒரு சான்றிதழ் சும்மாதானே கிடக்கிறது.

தங்கராசா துள்ளிக் குதித்தான். "செத்தவள்ட பேரில என்ட புள்ள சீவிக்கிறதா? ஒருநாளும் நடக்கா." அவளும் விடவில்லை. போன வாரம் முழுக்க இதே சண்டைதான். நேற்றுப் பின்னேரம் இராசாத்தி திடீரென்று வாயை மூடிக்கொண்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கலியாணம் கட்டிப் பத்து வருடமாகியும், பெண்சாதி பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஆண்களை என்ன செய்வது?

இன்று வெள்ளிக்கிழமை. முதலாம் வகுப்பில் மிஞ்சிய இடங்களுக்கு இன்றுதான் கடைசி நாள்.

தங்கராசா ஆறு மணிக்கே மண்வெட்டியோடு போய்விட்டான். அவன் முதுகு தென்னைகளுக்குள் மறைந்ததும் இராசாத்தி பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் ரின்னைத் திறந்தாள். சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த சான்றிதழை எடுத்து நெஞ்சுக்குள் செருகிக்கொண்டாள்.

*

தோணியில் இவர்கள் இருவரும் தோணிக்காரனும் மட்டும்தான். மழை விட்டிருந்தது. தண்ணீர் மண்ணிறமாகக் கிடந்தது.

மேனுகா தோட்டத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கரையோரம் வரிசையாகக் கஜு மரங்கள், முந்திரிதான். அதில் கடைசி மரம் தங்கராசா நட்டது. துஷானியைப் புதைத்த மறுகிழமை, அந்த இடம் மறந்துபோகக் கூடாது என்று ஒரு கொட்டையை ஊன்றினான். அது இப்போது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காய்க்கிறது. மேனுகா அதை அக்கா மரம் என்றுதான் சொல்வாள். பழக்காலத்தில் முதல் பழம் அவளுக்குத்தான்.

"அம்மா."

"என்ன மனே?"

"நான் அக்கா எண்டா மேனுகா எங்க?"

இராசாத்தி தோணிக்காரனைப் பார்த்தாள். அவன் சவள் துடுப்பை வலிப்பதிலேயே கவனமாக இருந்தான்.

"மேனுகா வீட்ட நிக்கிறாள்."

"தனியவா?"

"ஓம்."

சின்னவள் மறுபடி கரையைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள்.

இராசாத்தி மகளின் தலையைத் தன் மடிக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. ஆனால் அழுத முகத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாது. வாவித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள்.

*

அதே நேரம் தங்கராசா கஜு வளவில் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

கஜு மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தென்னங்கன்று வைக்கச் சொல்லி முதலாளியின் உத்தரவு. எங்கெங்கே குழி என்று கயிறு பிடித்துக் கட்டை அடித்திருந்தார்கள். காலையில் வந்தபோது கட்டைகள் பாதி தூரத்தில்தான் நின்றன. பத்து மணிக்குக் கயிறு வாவிப்பக்கம் வந்தது. கடைசிக் கட்டையைக் கந்தப்போடி தன் கையாலேயே அடித்தான். அது அக்கா மரத்தின் அடியில், துஷானியைப் புதைத்த இடத்தில் வைத்த மூன்று கற்களுக்கு நடுவே இறங்கியது.

தங்கராசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கங்காணியார், அந்தக் கட்டைய ஒரு நாலு முழம் தள்ளி அடிப்பமா?"

"என்னத்துக்கு?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்கென்ன தெரியும்? சொல்லு."

கூட வெட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் தெரியும். அன்றைக்குப் பிள்ளையின் பெட்டியைச் சுமந்தவனும் அவர்களில் ஒருவன்.

"துஷானி கிடக்கிறாள்" என்றான் தங்கராசா.

கந்தப்போடி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அது விளையாட்டுக்குச் சொன்னது என்று நினைத்திருக்கலாம். அவன் சாவதானமாக வெற்றிலையைத் துப்பினான்.

"ஆரு துஷானி? தோட்டத்து இடாப்புப் புத்தகத்தில உன்ட பேருக்குக் கீழ ஒரு புள்ள கிடக்கு. துஷானி. லயத்தில ஓடித் திரியிறாள்தானே. மறுகா இஞ்ச ஆரு கிடக்கிற?"

"கங்காணியார்..."

"இந்தத் தோட்டத்தில ஒரு புள்ள செத்ததெண்டு ஒரு கடதாசி காட்டு. நாலு முழம் என்ன, நாப்பது முழம் தள்ளிப் போடுவன். கடதாசி இல்லாட்டி நாளைக்கு விடிய மெஷின் வரும். மரம், வேர், எல்லாம் அள்ளும். நீ சும்மா நிண்டு நேரத்தப் போக்காம வெட்டு."

அவன் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். ஏழு வருடத்துக்கு முன் கடதாசி வேண்டாம் என்றவன், இன்று கடதாசி கேட்கிறான். மனிதர்களில் இப்படியும் ஒரு சாதி இருக்கிறது. பாவம் செய்துவிட்டு, அதற்குச் சாட்சி இல்லை என்று செத்தவளையே குற்றம் சொல்லும்.

தங்கராசா மூன்று கற்களையும் பார்த்தான். கட்டை அடித்த அடியில் ஒரு கல் புரண்டு கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தான். பிறகு மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

"எங்க போறாய்?" என்று ஒருவன் கேட்டான்.

"கடதாசி எடுக்க."

பெண்சாதியையோ பள்ளிக்கூடத்தையோ அவன் அப்போது நினைக்கவே இல்லை. அந்தக் கதை நேற்றோடு முடிந்தது என்றுதான் அவன் எண்ணம்.

*

அக்கரைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர் இர்ஷானா டீச்சர். நல்ல மனுஷி. பிள்ளைகளோடு பேசும்போது நாற்காலியிலிருந்து இறங்கிக் குந்திக்கொண்டுதான் பேசுவார். பக்கத்து மேசையில் போன வருடத்து எழுதுநர் இருந்தார். இராசாத்தியை அவருக்கு ஞாபகம் இல்லை. வருடத்தில் எத்தனை பேருக்கு யன்னல் சாத்துகிறவர்.

"உங்கட பேரென்ன மகள்?"

"துஷானி."

"முழுப்பேர்?"

"தங்கராசா துஷானி."

"எத்தின வயசு?"

"ஏழு."

இராசாத்தி மூச்சை விட்டாள். டீச்சர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் சான்றிதழைப் பார்த்தார்.

"ஏழரை வயசா? பாத்தா அஞ்சு, அஞ்சரை எண்டுதான் சொல்லேலும்."

இதற்கு ஒரு பதிலை இராசாத்தி மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்தாள். பிள்ளைக்கு நீண்ட நாள் வருத்தம், ஆஸ்பத்திரியில் கிடந்தது என்று. அதைச் சொல்ல வாயெடுக்குமுன் எழுதுநர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தோட்டத்துப் புள்ளதானே டீச்சர். அதுகள் வயசுக்கு ரெண்டு வருசம் குறைச்சித்தான் காட்டும். சாப்பாடில்லயே."

"அதுவும் சரிதான்" என்று டீச்சர் எழுதத் தொடங்கினார்.

பிள்ளையின் பசி அன்றைக்கு இராசாத்தியின் பக்கம் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

"இதில ஒரு கையெழுத்து வெய்ங்க. குடுத்த பத்திரம் எல்லாம் உண்மை எண்டு. பொய்யெண்டு தெரிஞ்சா நான் வலயக் கல்விக் கந்தோருக்கு அறிவிக்கோணும், அங்கால பொலிஸ். முதலே சொல்லிட்டன், பிறகு அழப்படா."

இராசாத்தி ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கொப்பரா காயும் அதே அறையில்தான் படித்தாள். பெயரை எழுத்துக் கூட்டி, ஒரு புள்ளி தவறாமல் எழுதினாள்.

டீச்சர் மஞ்சள் மட்டையில் வெட்டிய ஒரு வாத்தை எடுத்து, அதில் துஷானி என்று எழுதிப் பிள்ளையின் சட்டையில் ஊசியால் குத்திவிட்டார். சின்னவள் குனிந்து வாத்தைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஆறு வயதில் விழுகிற பல். நல்லவேளை, யாரும் பல்லைப் பார்க்கவில்லை.

"இன்னொரு வேல இருக்கு" என்று டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். "புள்ள உங்கட பிரிவில இருக்கிறா எண்டு கிராம சேவகரிட்ட, அதான் ஜீஎஸ் ஐயாட்ட, ஒரு கையெழுத்து வாங்கித்து வாங்க. திங்கக்கிழமை. அது இல்லாட்டி இந்த இடம் வேற புள்ளைக்குப் போயிடும்."

"சரி டீச்சர். வாங்கித்து வாறன்."

ஆயிற்று. ஒரு வருடக் கவலை முடிந்தது. இராசாத்தி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மேனுகா, இஞ்ச வா. டீச்சருக்குக் கிட்ட வா."

கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வருடம் வாவியோரத்தில் பிறந்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் மேனுகாதான். வரிசையில் அடுத்ததாக நின்ற பெண் தன் மகளைக் கூப்பிட்டாள். மீன்வாடிப் பக்கத்துப் பெண்.

இராசாத்தியின் கைக்குள் இருந்த சின்னக் கை ஒரு தரம் இறுகியது. பிள்ளை திரும்பவில்லை. எச்சிலை மட்டும் விழுங்கிக்கொண்டு, வாத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சான்றிதழ் எங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"சான்றிதழ் இல்ல டீச்சர். வாடியிலதான் பிறந்தவள். பதியல்ல" என்றாள் அந்தப் பெண். "ஜீஎஸ் ஐயா கடிதம் தந்திருக்கார்."

"தாங்க. இது காணும், போதும்."

டீச்சர் எழுதினார். ஒரு பச்சை வாத்து எடுத்தார். அதில் மேனுகா என்று எழுதினார்.

இராசாத்தி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"டீச்சர்... சான்றிதழ் இல்லாட்டியும் எடுப்பீங்களா?"

"ஓம். ஜீஎஸ் கடிதம் இருந்தா உத்தேச வயசு போட்டு எடுப்பம். கடதாசி இல்லயெண்டு புள்ளையத் திருப்பி அனுப்பேலாதே." டீச்சர் அக்கறையோடு நிமிர்ந்து பார்த்தார். "ஏன்கா, உங்களுக்கு வேற புள்ள இரிக்கா? இண்டைக்கே சொன்னா ஒரு இடம் பாப்பம்."

கையெழுத்து வைத்த கடதாசி டீச்சரின் முழங்கைக்குக் கீழே கிடந்தது. மை இன்னும் காயவில்லை.

"இல்ல டீச்சர்" என்றாள் இராசாத்தி. "எனக்கு இவ ஒருத்திதான்."

*

ஜீஎஸ் ஆதம்பாவா ஜும்ஆவுக்குப் போகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கந்தோர்க் கதவைப் பூட்டப் போனார். தங்கராசா சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் காலடியில் குந்தினான். எட்டு மைல் மிதித்து வந்தவன். மூச்சு வாங்கியது.

"ஐயா, என்ட புள்ள செத்திட்டுது."

ஆதம்பாவா திறப்பைத் திரும்பவும் பையில் போட்டார். "எழும்புங்க தம்பி. எப்ப?"

"ஏழு வருசம்."

அவர் கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, கதிரையை இழுத்து வைத்தார். அவன் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல், உழவு மெஷின், பலகைப் பெட்டி, கஜுக் கொட்டை, இன்றைக்கு அடித்த கட்டை எல்லாம் வெளியே வந்தது.

"பொலிஸ் பிடிக்குமா ஐயா?"

"காய்ச்சலில போன புள்ளைக்கு என்னத்துக்குப் பொலிஸ்? இதுக்கா ஏழு வருசம் பயந்து கிடந்தீங்க? கேள்வி கேக்கிறதெண்டா அந்தக் கங்காணியத்தான் கேக்கோணும்."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஆதம்பாவா அதைக் கேட்டுக்கொண்டே எழுதினார். தன்னுடைய குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம். மரணப் பதிவாளருக்குக் கடிதம் ஒன்று. தங்கராசா துஷானி, வயது மூன்று மாதம், இன்ன தோட்டத்தில் மரணம், அடக்கம் செய்தது இன்ன இடம். முத்திரை குத்தினார்.

"விடிய இதக் கங்காணிட்டக் காட்டுங்க. கை வைக்கமாட்டான். வெச்சா எனக்குச் சொல்லுங்க, நான் வாறன். திங்கள் பதிவாளரிட்டக் குடுங்க. சரி, இப்ப எத்தின புள்ளையள்?"

"ஒண்டு ஐயா. மேனுகா. ஆறு வயசு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

தங்கராசா தலை குனிந்தான். பதியாத கதையையும், போன வருடம் யன்னல் சாத்திய கதையையும் சொன்னான்.

ஆதம்பாவா நெற்றியில் கை வைத்தார். "அட தம்பி, என்ட ஒரு கடிதம் போதுமே. போன கிழமைதான் வாடிப் புள்ள ஒண்டுக்குக் குடுத்தன். இண்டைக்குக் கடைசி நாள்தான், ஆனா நான் இர்ஷானா டீச்சரோட பேசுறன். திங்கக்கிழமை தாயையும் புள்ளையையும் கூட்டித்து வாங்க. உங்கட புள்ள அவட சொந்தப் பேரிலேயே படிக்கட்டும்."

சொந்தப் பேரிலேயே. வழியெல்லாம் தங்கராசாவின் காதுக்குள் அதுதான் ஓடியது. ஓட்டமாவடிச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கினான். அவனுக்கு எழுத்துச் சரியாக வராது. கடைக்காரரிடம் கொடுத்து, மட்டையில் பெரிதாக மேனுகா என்று எழுதுவித்தான். ஒரே நாளில் இரண்டு மகள்களையும் காப்பாற்றிய தகப்பன் இந்த மாவட்டத்தில் வேறு யார் இருக்கிறான்? அவன் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தான் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தப் பாட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

*

நாலு மணிக்கு இராசாத்தி தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். சின்னவள் வாத்தைக் கையால் மூடிக்கொண்டு முன்னால் ஓடினாள். மழை தூறியது, வாத்து நனைந்துவிடுமாம்.

தங்கராசா வாசலில் நின்றான். முகம் கழுவி, தலை சீவி, நல்ல சாரம் உடுத்தியிருந்தான்.

"மேனுகா" என்றான்.

பிள்ளை சடாரென்று நின்றாள். முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மேனுகா, இஞ்ச வாகா. அப்பா என்ன வாங்கியாந்திருக்கன் பாரு. கொப்பி."

கோழி வேலிக்குள் நுழைந்து போனது. பிள்ளை அதையே பார்த்தாள். எச்சில் விழுங்கினாள்.

"என்ன புள்ளைக்கு, காது கேக்கல்லயா?" என்று சிரித்துக்கொண்டு கிட்டப் போனவன், சட்டையில் குத்தியிருந்ததைக் கண்டான். மஞ்சள் வாத்து. குனிந்து எழுத்துக் கூட்டினான். து. ஷா. னி.

இராசாத்தி படலைக்குள் நின்றாள்.

"போனியா?"

"போனன்."

"நேத்து ஓம் எண்டுதானே இருந்தாய்?"

"நான் எப்ப ஓம் எண்டன்? பேசாமதான் இருந்தன்."

"கையெழுத்து?"

"வெச்சிட்டன். பத்திரம் எல்லாம் உண்மை எண்டு."

தங்கராசா வாசற்படியில் குந்திவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஆதம்பாவாவின் கடிதத்தை எடுத்து, படிக்கு உள்ளே விரித்திருந்த பாயில் வைத்தான். இராசாத்தி கிட்ட வந்து அதை எடுத்து ஒரு தரம் படித்தாள். விளங்காதவள் போல் இரண்டாம் தரமும் படித்தாள். பிறகு நெஞ்சுக்குள் இருந்த படிவத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். திங்கக்கிழமை ஜீஎஸ் கையெழுத்து வைக்க வேண்டிய படிவம்.

"உண்மையப் போய்ச் சொல்லுவம்" என்றான் தங்கராசா. "அந்த மனுசன் நல்லவர். டீச்சரோட பேசுறன் எண்டார்."

"என்னத்தப் பேசுவார்? மேனுகா எண்டு ஒரு புள்ளைக்கு இடம் குடுங்க எண்டுவார். டீச்சர் கேப்பா, அந்தத் தாய்க்கு ஒரு புள்ளதானே எண்டு. நான் அப்பிடித்தான் சொல்லிட்டு வந்திருக்கன்." அவள் குரல் உடைந்தது. "கள்ளப் பத்திரம் காட்டினவள்ட புள்ளைய ஆர் எடுப்பா? நான் உள்ளுக்குப் போயிட்டா இவள ஆர் பாப்பா? இந்தக் கடிதத்தக் கிழிச்சிப் போடுங்க."

"கிழிச்சா விடிய மெஷின் வரும்."

"கிழிக்காட்டி இவள் பள்ளிக்கூடம் போகமாட்டாள்."

"அவர்ட புத்தகத்திலயும் எழுதிட்டார் இராசாத்தி."

இருவரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடதாசியில் துஷானி முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். மற்றதில் துஷானி செத்து ஏழு வருடம். மேனுகாவின் பெயர் இரண்டிலும் இல்லை. அது கொப்பி மட்டையில் மட்டும்தான் இருந்தது.

தூறல் பலத்தது. வேலியோரம் முதுகைக் காட்டி நின்ற பிள்ளை நனைந்துகொண்டிருந்தாள். வாத்தின் மஞ்சள் கரைந்து சட்டையில் இறங்கியது. அவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அப்பா கூப்பிடுறார். நான் இப்ப கிறுகலாமா?"

தங்கராசா பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். வாவிப்பக்கம், அக்கா மரத்துக்குக் கிட்ட, மழை குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தது.

இராசாத்தி ஆதம்பாவாவின் கடிதத்தை எடுத்தாள். நாலாக மடித்து, எட்டாக மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"கிறுகாத" என்றாள்.